வாசலோடு நின்றவர்

"ரெண்டு பேரும் பின்னால ஏறுங்க" என்றார் தாணுமாலையன், இன்னோவாவின் பின்கதவைத் திறந்து பிடித்தபடி.

"நான் முன்னால இருக்கட்டா?" என்று பூமாரி கேட்டாள்.

"முன்னால வேண்டாம். பின்னாலதான் ஏசி நல்லா வரும். எல்லாரும் பின்னாலதான் இருப்பாங்க."

"எல்லாரும்னா யாரு?"

மகள் அனுஷா சிரித்துக்கொண்டே அம்மாவைத் தள்ளி ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டாள். அவர் கதவை அடித்துச் சாத்தாமல், உள்ளங்கையால் அமுக்கிச் சாத்தினார். எந்தக் குடும்பம் ஏறினாலும் அப்படித்தான் சாத்துவார்.

இருபத்தாறு வருஷமாகத் திருவனந்தபுரத்தில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவர். ஊர் நாகர்கோவில் பக்கம்; வாடகை வீடு சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால். பிள்ளைகுட்டியோடு வருகிறவர்களுக்கு அவரை மாதிரி டிரைவர் கிடைக்காது என்று முதலாளி ஜெயனே போனில் சொல்லுவார். எந்த இடம் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்த மரத்தடியில் நிழல் மூன்று மணி வரைக்கும் நிற்கும், குழந்தைக்கு அவசரமென்றால் எந்தப் பக்கம் ஓடணும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒன்று மட்டும் கிடையாது. டிரைவர் உள்ளே போவதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை; டிக்கெட் எடுத்துத் தருகிறேன், வாங்க என்று கூப்பிட்டவர்களும் உண்டு. வழக்கம் அப்படி. வாசலில் இறக்கிவிட வேண்டியது, வண்டியோடு காத்திருக்க வேண்டியது, போன் வந்தால் வாசலுக்கு வர வேண்டியது.

உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்குப் பின்சீட்டிலிருந்துதான் வந்து சேரும்.

"அந்தத் தந்த நாற்காலியப் பார்த்தியா? எவ்வளவு வேலைப்பாடு!"

"கூரையடியில மரக்குதிரை மொத்தம் நூத்தி இருபத்திரண்டாம். கைடு சொன்னான்."

"எனக்கு நாப்பதுக்கு மேல கழுத்து வலிச்சிட்டுது."

இதையெல்லாம் அவர் கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு காதில் சேர்த்துக்கொள்வார். வீட்டுக்கு வந்தால் சின்ன அனுஷா மடியில் ஏறிக்கொண்டு கேட்பாள்: "அப்பா, இன்னைக்கு என்ன பார்த்தீங்க?" முதல் தடவை கேட்டபோது, பார்க்கிங்கைப் பார்த்தேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குதிரை நூத்தி இருபத்திரண்டு என்றார். பிள்ளையின் கண் விரிந்தது. அந்தக் கண்ணுக்காகவே அடுத்த நாள் இன்னும் கொஞ்சம், அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். கடைசியில் திருவனந்தபுரம் முழுவதையும் உள்ளும் புறமும் பார்த்த மனிதராக அந்த வீட்டில் ஆகிவிட்டார்.

"என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா?"

"பின்னே? ஒரு நாள் முழுக்க நம்ம மூணு பேருதான். நானே எல்லாத்தையும் காட்டித் தாறேன், கேட்டியா மக்ளே."

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் டூரிஸ்ட் சீசன். ஓணம் என்றால் சீசன். கிறிஸ்துமஸ் என்றால் கேட்கவே வேண்டாம். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் சுற்றிப் பார்க்கிற நாளில் அவர் பிள்ளை வீட்டில் இருந்தது. இப்போது அவளுக்கு இருபத்திமூன்று வயது. நர்ஸிங் முடித்து, ஜெர்மன் படித்து, விசாவும் வந்தாயிற்று. நாளை ராத்திரி விமானம். மூன்று வருஷத்துக்கு வர முடியாது.

"ஞாயித்துக்கிழமை வண்டியும் வேணும், லீவும் வேணுமா? கல்யாணமா வீட்டுல?" என்று ஜெயன் கேட்டிருந்தார்.

"இல்ல முதலாளி. பிள்ளைக்கு ஊரு காட்டணும்."

"எந்த ஊரு?"

"இந்த ஊருதான்."

போனில் ஜெயன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. சிரித்தாலும் வண்டியைக் கொடுத்துவிட்டார்.

கிழக்கேகோட்டையில் பத்மதீர்த்தக் குளத்தின் எதிரே வண்டியை ஓரங்கட்டியபோது ஒன்பதாக இரண்டு நிமிஷம் இருந்தது. "இறங்கு, இறங்கு, இப்பம் அடிக்கும்" என்று அவரே முதலில் இறங்கி ஓடினார். மேத்தன் மணி என்கிற அந்தப் பழைய கடிகாரம் தெருவைப் பார்த்த சுவரிலேயே இருக்கிறது. பார்க்க டிக்கெட் வேண்டாம், வாசல் தாண்ட வேண்டாம். தாடி வைத்த முகம் ஒன்று, இரு பக்கமும் இரண்டு கிடா. மணி அடிக்கும்போது முகம் வாய் திறக்கும், கிடா இரண்டும் கன்னத்தில் முட்டும்.

"பாரு, பாரு, இடது பக்கத்துக் கிடா கொஞ்சம் பிந்தித்தான் முட்டும்" என்றார்.

முட்டியது. பிந்தித்தான் முட்டியது. அனுஷா கைதட்டினாள். பூமாரி, "அய்யோ பாவம், தினசரி இந்த இடி வாங்குதே இந்த மனுஷன்" என்றாள். "இருபத்தாறு வருஷமா நானும் வாங்குதேன்" என்றார் அவர். மூன்று பேரும் ரோட்டில் நின்று சிரித்தார்கள். சொல்லப்போனால் அன்று முழுவதிலும் நல்ல நேரம் என்றால் அதுதான்.

பக்கத்திலேயே குதிரைமாளிகை. அனுஷா அவர் கையைப் பிடித்தாள். "வாங்கப்பா. நூத்தி இருபத்திரண்டையும் எண்ணிருவோம்."

"வண்டிய இங்க விடப்பிடாது மக்ளே. போலீஸ்காரன் பூட்டுப் போட்டுருவான். நீங்க போயிட்டு வாங்க. ஒண்ணேகால் மணிக்கூர் போதும்."

"பார்க்கிங்ல விட்டுட்டு வாங்களேன்."

"அது தூரமாக்கும்."

தூரமில்லை. நடந்தால் ஐந்து நிமிஷம். அவருக்கு அது தெரியும்; அவளுக்கும் தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. உள்ளே போனால் அவள் கேட்பாள்: அப்பா, அந்தத் தந்த நாற்காலி எந்த அறை? மாடிப்படி எந்தப் பக்கம்? டிரைவர் தாணுமாலையன் அங்கே நின்று முழிக்க வேண்டும். நாளைக்கு விமானம் ஏறுகிற பிள்ளை, அப்பா இத்தனை வருஷமும் பொய் சொன்னார் என்பதையா கொண்டுபோக வேண்டும்? வேண்டாம். இன்றைக்கு ஒரு நாள் தப்பித்துவிட்டால் போதும். பிறகு இருக்கவே இருக்கிறது, அவள் மனசில் அவர் கட்டிவைத்த ஊர்.

அவர்கள் வெளியே வந்ததும் பரீட்சைக்குப் போய் வந்த பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்டார்: "குதிரை பார்த்தியா? நாற்காலி பார்த்தியா? நான் சொன்னபடிதானே?"

"நீங்க சொன்னபடியேதான்ப்பா" என்றாள் அனுஷா. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு, அவர் எப்போதும் குடும்பங்களைக் கொண்டுபோய் விடுகிற ஓட்டலுக்கே போனார். சப்ளை செய்கிற லிஜோ அவரைப் பார்த்ததும், "சேட்டன் பின்னால இருந்தோ, மீன் சாறு எடுத்து வெச்சிட்டுண்டு" என்று பின்பக்கம் உட்காரக் கை காட்டினான். கால் பழக்கம்தான், அவர் நேராக அடுக்களையை ஒட்டிய டிரைவர்கள் பெஞ்சுக்குப் போய் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஒரு கவளம் வாயில் வைத்த பிறகுதான் உறைத்தது. இலையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடினார்.

"என்ன, பார்ட்டிய மறந்துட்டீங்களா?" என்றாள் பூமாரி.

அனுஷா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "சாரமில்லம்மா, பரவாயில்ல. சாப்பிடட்டும்."

மியூசியம் வளாகத்துக்கு வந்தபோது இரண்டரை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பலூன்காரன், ஐஸ்கிரீம் வண்டி, அழுகிற குழந்தைகள். பார்க்கிங்கில் வண்டியைச் செருகிவிட்டு நிமிர்ந்தால், அனுஷா மிருகசாலை கவுண்டரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கையில் மூன்று டிக்கெட்.

"ஏன் மூணு?"

"நம்ம மூணு பேருல்லா."

"எனக்கு எதுக்கு? நான் பார்க்காததா?"

"நீங்க பார்த்ததுனாலதான் கூப்பிடுதேன். வழி காட்டத்தான்." அவள் முகத்தில் ஒரு குறும்பு இருந்தது. சின்ன வயசில் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பயமுறுத்தக் காத்திருப்பாளே, அந்த முகம். "வாங்கப்பா. என்னை கொரில்லா இருக்க இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

கொரில்லா அவர் சொன்ன கதைகளிலேயே பெரியது. தனியாக உட்கார்ந்திருக்கும், நாம் கை நீட்டினால் அதுவும் கை நீட்டும் என்று அவளுக்கு ஏழெட்டு வயதாக இருக்கும்போது அவர் சொன்னது. அதிலிருந்து அவளை, "கொரில்லாக்குட்டி" என்றுதான் கூப்பிடுவார். அவளோடு படித்த பிள்ளைகளும் தெருவில் நின்று, "கொரில்லா உண்டோ?" என்று மலையாளத்தில் கூப்பிட்டதைக் கேட்டு, நம்ம கதை பள்ளிக்கூடம் வரைக்கும் போயிருக்கிறதே என்று பூரித்திருக்கிறார். அது எந்த மூலையில் இருக்கும்? இடதா, வலதா?

"கால் வலிக்குது கொரில்லாக்குட்டி. காலையிலேருந்து கிளச்சு மிதிச்சதுதானே. நீங்க முன்னால போங்க. நான் கொஞ்சம் இருந்துட்டு வாறேன்."

குறும்பு அவள் முகத்திலிருந்து இறங்கியது. மூன்றாவது டிக்கெட்டை அவர் சட்டைப்பையில் வைத்தாள். "வருவீங்கல்லா?"

"வாறேன், வாறேன்."

அவர்கள் கூட்டத்தில் மறைந்ததும் இரண்டு வண்டி தள்ளி ஒரு குரல் கேட்டது. "அண்ணாச்சி! இன்னைக்குப் பார்ட்டி எங்கேருந்து?"

மைதீன். அவனும் டூரிஸ்ட் வண்டிதான் ஓட்டுகிறான். இருபது வருஷப் பழக்கம்.

"உள்ளூருதான்."

"உள்ளூர்க்காரன் எவன் அண்ணாச்சி இன்னோவா பிடிச்சு மிருகசாலை பார்க்க வாறான்?"

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "என் வீட்டுக்காரியும் மகளும்."

மைதீன் பல்குத்தும் குச்சியை எடுத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தான். "நாளைக்கு ஜெர்மனி போற பிள்ளையா? அவள உள்ள அனுப்பிட்டு நீங்க இங்க என்ன செய்யுதீங்க?"

"காத்துக் கிடக்கேன்."

"யாருக்கு? சொந்தப் பிள்ளைக்கா? நல்ல கதையா இருக்கே! முதலாளி உங்களுக்குப் படியும் தருவாரோ?"

அவர் சிரிக்கவில்லை. யாரிடமும் சொல்லாததை மைதீனிடம் சொன்னார். "நான் உள்ள போனதே இல்லடே."

"அதுக்கென்ன? நானும் போனதில்ல, போன வருஷம் வரைக்கும். பெருநாளுக்குப் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போனேன். வழி தெரியாம ஒரே கூட்டை மூணு தடவை சுத்திட்டேன். 'வாப்பா, இந்தப் புலி நமக்கு சலாம் சொல்ல ஆரம்பிச்சிட்டு'ன்னு என் மகன் சொல்லுதான். வீட்டுக்குப் போற வரைக்கும் சிரிப்பு. இப்பவும் சொல்லிச் சிரிப்பானுக."

"உன் காரியம் வேற. நீ பார்த்ததா சொல்லல்ல. நான் பார்த்ததா சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"எல்லாம்."

மைதீனுக்கு அது விளங்கவில்லை. அவன் பார்ட்டி போன் பண்ணிவிட்டது. போகிற போக்கில், "எந்திரிச்சுப் போங்க அண்ணாச்சி. அந்தப் பிள்ளைக்கு உங்க காரியம் எங்களவிட நல்லாத் தெரியும்" என்று கத்திவிட்டுப் போனான்.

மூன்று மணி சுமாருக்கு அனுஷா கூப்பிட்டாள். "எங்கப்பா இருக்கீங்க?"

"வாறேன் மக்ளே. நீங்க பார்த்துட்டே இருங்க."

"நாங்க மெதுவாத்தான் போறோம். வாங்க."

அவர் எழுந்தார். வாசல் வரைக்கும் போனார். அவருக்கு முன்னால் ஒரு ஆள் சிறு பையனைத் தோளில் வைத்துக்கொண்டு, டிக்கெட் கிழிக்கிறவரிடம், "நீர்யானை எந்தப் பக்கம்?" என்று கேட்டான். எவ்வளவு சுளுவாகக் கேட்டுவிட்டான்! அவரும் கேட்கலாம். ஆனால் கேட்டு முடித்து நாலடி வைத்தால் எதிரே அனுஷா நிற்பாளே? சட்டைப்பைக்குப் போன கை வெறுமனே திரும்பி வந்தது. கொஞ்சம் கூட்டம் குறையட்டும் என்று சொல்லிக்கொண்டு வண்டிக்கே வந்து, முன்கண்ணாடியைத் துடைத்தார். பக்கக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

மைதீன் சொன்னது விடவில்லை. ஒரே கூட்டை மூணு தடவை. வீட்டுக்குப் போற வரைக்கும் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பு நம் வீட்டில் இருக்கிறதா என்று யோசித்தார். காலையில் ரோட்டில் நின்று சிரித்ததுதான் ஞாபகம் வந்தது. அதுவும் அவருக்கு நிஜமாகவே தெரிந்த ஒரு பொருளின் முன்னால். தெரியாததின் முன்னாலும் சிரிக்கலாமோ?

மணி ஐந்தானபோதுதான் எழுந்து வேகமாக நடந்தார். டிக்கெட்டைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டே போனார்.

"கழிஞ்ஞு சேட்டா" என்றார் வாசல்காரர். "இனி உள்ளே விட முடியாது. வெளியே வாறவங்க மட்டும்."

"டிக்கெட் இருக்கு. ரெண்டரைக்கு எடுத்தது."

"ரெண்டரைக்கு வந்திருக்கணும்."

உள்ளேயிருந்து ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். அவரும் ஒதுங்கி நின்றார். முதல் ஆட்களோடேயே பூமாரியும் அனுஷாவும் வந்துவிட்டார்கள். நடந்து களைத்த முகம் இல்லை அது.

"என்ன, இவ்வளவு சீக்கிரம் பார்த்து முடிச்சாச்சா?"

"எங்க பார்த்தோம்?" என்றாள் பூமாரி. "இந்த வாசலுக்கு உள்ளுக்க ஒரு பெஞ்சு கிடக்கு. ரெண்டரை மணிக்கூரா அதுல இருக்கோம். அப்பா வரட்டும், அப்பா வரட்டும்னு இவ நகர விடல்ல. எறும்பு கடிச்சதுதான் மிச்சம். வேற ஒரு மிருகத்தையும் பார்க்கல்ல."

அவர் மகளைப் பார்த்தார். "ஏன் மக்ளே? பார்த்துட்டு வந்திருக்கலாமே?"

"நான் பார்த்ததுதான்ப்பா. நாலாம் கிளாஸ்ல ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வந்தாங்க."

"அப்பம் கொரில்லா..."

"இங்க கொரில்லா கிடையாது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மருந்து எப்போது சாப்பிட வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"எங்க அப்பாக்கு எல்லாம் தெரியும், நான் காட்டித் தாறேன்னு சொல்லி நாலு பிள்ளைங்களக் கூட்டிட்டுக் கொரில்லாவத் தேடிப் போனேன். மூலை மூலையாத் தேடினோம். டீச்சர் எங்களைத் தேடி, பஸ் நிக்க, ஒரே பகளமும் கூச்சலும். கடைசில ஒரு வேலைக்காரர் சொன்னாரு, மோளே, அது மைசூர்ல. அன்னைக்குத்தான் எனக்குக் கொரில்லான்னு பேரு விழுந்துச்சு. பத்தாம் கிளாஸ் வரைக்கும் விடல்ல."

மைசூர். ஒரு மழைக்காலம், மைசூரிலிருந்து வந்த குடும்பம், பின்சீட்டில் ஒரு பையன் வழி முழுக்க எங்க ஊர் ஜூவில் அது உண்டு, இது உண்டு என்று சொல்லிக்கொண்டு வந்தது அவருக்கு மங்கலாக நினைவு வந்தது. எது இந்த ஊர், எது அந்த ஊர் என்று அவர் பிரித்துக் கேட்டிருக்கவில்லை.

தெருவில் அந்தப் பிள்ளைகள் கூப்பிட்டபோது தானும் வாசலுக்கு வந்து சேர்ந்து சிரித்தது அதைவிடத் தெளிவாக நினைவு வந்தது. அனுஷா அப்போது உள்ளே போய்விடுவாள். வெட்கம் என்று நினைத்திருந்தார். இன்றைக்குக்கூட அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாயிற்று.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்பிடாதா மக்ளே, அன்னைக்கே?"

"சொன்னா நீங்க கதை சொல்லுறத நிறுத்திருவீங்கல்லா."

பூமாரி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"இன்னைக்கு உங்களை உள்ள கூட்டிட்டுப் போய், கொரில்லா எங்க, கொரில்லா எங்கன்னு கேட்டுக் கேட்டு உங்களை முழிக்க வைக்கணும்னு இருந்தேன்" என்றாள் அனுஷா. "அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து அடக்கமாட்டாம சிரிக்கணும்னு. அவ்வளவுதான். விசா வந்த அன்னைக்கே பிளான் போட்டாச்சு. குதிரைமாளிகைலயே தொடங்கணும்னு பார்த்தேன், நீங்க வரல்ல. போட்டும்ப்பா, சாரமில்ல."

சாரமில்லை என்று அவள் சொன்னதுதான் அவரை அறைந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். வண்டிக்குள் உட்கார்ந்து எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்? பதினான்கு வருஷமாக அவள் மனசில் இல்லாத ஒன்றை.

"நான் இப்பம் வந்தேன். விட மாட்டேன்னுட்டான்" என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று தெரிந்தது. கையிலிருந்த டிக்கெட் வியர்வையில் நனைந்து மடிந்திருந்தது.

பூமாரிக்குத்தான் ஒரு வழி தோன்றியது. "அதுக்கு ஏன் ரெண்டு பேரும் மூஞ்சியத் தொங்கப் போடுதீங்க? பிளைட் நாளைக்கு ராத்திரிதானே. பெட்டியெல்லாம் கட்டியாச்சு. காலையில ஆட்டோ பிடிச்சு ஒரு எட்டு வந்துட்டுப் போவோம். மூணு பேரும் உள்ள போவோம். நீங்களும் நல்லா முழிங்க, நாங்களும் நல்லா சிரிக்கோம்."

அனுஷாவின் முகம் நிமிர்ந்தது. "ஆமாப்பா! ஒன்பது மணிக்குத் திறந்திருவாங்கல்லா?"

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். இந்த ஊரில் எது எப்போது திறக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? எத்தனை குடும்பங்களுக்கு, காரில் ஏறுவதற்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறார். எத்தனை பேருடைய திட்டத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இப்போது டிக்கெட்டை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார்.

"என்னப்பா?"

"நாளைக்குத் திங்கள்" என்றார். "திங்கட்கிழமை இங்க லீவு."

"மியூசியமாவது?"

"அதுவும்தான். குதிரைமாளிகையும்."

பலூன்காரன் மிச்சத்தை ஒன்றாகக் கட்டிக்கொண்டிருந்தான். கூட்டம் முழுக்க வெளியே வந்து, வாசல்காரர் ஒரு கதவைச் சாத்தினார். மறு கதவின் இடுக்கில் உள்ளே போகிற பாதையும், ஒரு பெஞ்சின் முனையும் தெரிந்தன. பிறகு அதுவும் சாத்தப்பட்டது.

மதிலுக்கு அப்புறம், மரங்களுக்கு நடுவிலிருந்து ஏதோ ஒன்று நீளமாகக் குரல் கொடுத்தது. உறுமலும் இல்லை, பறவையின் கூவலும் இல்லை.

"அது என்னது?" என்றாள் பூமாரி.

தாணுமாலையனுக்கு நாக்கு நுனி வரைக்கும் ஒரு பெயர் வந்துவிட்டது. அனுஷா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு அறிஞ்சூடா" என்றார்.

"எனக்கும் தெரியாதுப்பா" என்றாள் அவள். அவர் பக்கத்தில் வந்து, தோள் உரச நின்று, மதிலைப் பார்த்தாள். அது இன்னொரு தடவை கத்தும் என்று மூன்று பேரும் காத்து நின்றார்கள். பார்க்கிங் ஆள் விசிலடித்து, அந்த இன்னோவாவை எடுக்கச் சொல்லிக் கத்தினான். அவர் காது கேளாதவர் மாதிரி நின்றார்.